வார்ஃபரின் சாப்பிடும் அம்மாவுக்குப் பல் பிடுங்கலாமா?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 66 வயது. மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் பரிசோதனை எண் எப்போதும் 3-ஐ ஒட்டியே இருந்தது. கீரை ஆகாது என்று ஒரு உறவினர் சொன்னதைக் கேட்டு அம்மா அதை அடியோடு விட்டுவிட்டார். அதற்கு அடுத்த பரிசோதனையில் 3.8 வந்தது, மாத்திரை அளவைக் குறைத்தார்கள். பிறகு சித்தி வீட்டில் இரண்டு வாரம் தங்கினார். அங்கே தினமும் கீரை சமைப்பார்கள், அம்மாவும் சாப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் 1.8, அளவைக் கூட்டினார்கள். போன மாதம் ஈறு வீங்கியதால் பல் மருத்துவர் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஐந்து நாளைக்குக் கொடுத்தார். அந்த வாரக் கடைசியில் ஐ.என்.ஆர் 4.6! மறுபடி குறைத்திருக்கிறார்கள். அடுத்த பரிசோதனை அடுத்த மாதம்தான்.

இப்போது அந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்தே ஆக வேண்டுமாம். ஐந்து நாள் முன்னாலேயே வார்ஃபரினை நிறுத்திவிட்டு வரும்படி பல் மருத்துவமனையில் வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். நிறுத்தலாமா? முட்டிவலிக்கு அப்பாவின் டைக்ளோஃபெனாக் மாத்திரையை அம்மா அவ்வப்போது போட்டுக்கொள்கிறார். ஒருநாள் வார்ஃபரினை மறந்துவிட்டு மறுநாள் இரண்டு வேளை அளவைச் சேர்த்துப் போட்டார். தெரிந்தவர் ஒருவர் ரத்தப் பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரை சாப்பிடுகிறார், அம்மாவும் அதற்கு மாறலாமா? இது எலி மருந்து என்று எங்கோ படித்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே பயம். காலையில் நடக்கப் போவதைக்கூட விட்டுவிட்டார்.

பதில்:

மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறைய கேட்டிருக்கிறீர்கள், எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் அவசரம் இதற்குத்தான்.

உலோக வால்வு என்பது உடலுக்கு அந்நியப் பொருள். அதன்மீது ரத்தம் உறையப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதிலும் மைட்ரல் இடத்தில் ரத்த ஓட்டத்தின் வேகம் குறைவு, அதனால் மகாதமனி வால்வைவிட இங்கே ரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு அதிகம். இந்த இடத்து உலோக வால்வுக்கு ஐ.என்.ஆர் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது இதனால்தான். ஐந்து நாள் வார்ஃபரினை விட்டால் அதன் வேலை ஏறக்குறைய முழுசாக வடிந்துவிடும். மறுபடி ஆரம்பித்தாலும் பிடிக்க இன்னும் ஐந்தாறு நாள் ஆகும். ஆக, ஒரு பல்லுக்காக ஒரு வாரத்துக்கும் மேல் அந்த வால்வு காவல் இல்லாமல் கிடக்கும். அந்த இடைவெளியில் ஒரு கட்டி உருவாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வின் இதழ்களுக்கு நடுவில் சிக்கினால் வால்வே திறந்து மூட முடியாமல் போகும்.

பல் பிடுங்கிய குழியில் ரத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியும், பஞ்சை வைத்து அழுத்தலாம், தையல் போடலாம். வால்வில் கட்டி உருவானால் வெளியே எதுவும் தெரியாது, கையை வைத்து அழுத்தவும் முடியாது. இந்த இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துத்தான், ஒன்றிரண்டு பல் எடுப்பதற்கு வார்ஃபரினை நிறுத்த வேண்டாம் என்று இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஐந்து நாள் நிறுத்துவது பெரிய அறுவை சிகிச்சைகளுக்கான கணக்கு. அதையும் இதய மருத்துவர் பார்த்து, உலோக வால்வு உள்ளவர்களுக்கு அந்த இடைவெளியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தேவையா என்று முடிவுசெய்துதான் நிறுத்துவார். வரவேற்பு மேசையில் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பக்கூடிய விஷயம் இல்லை இது.

பல் எடுக்கும் நாளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஐ.என்.ஆர் பார்த்து, அந்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அளவு 4-க்குக் கீழே இருந்தால் சாதாரணமாகப் பல் எடுக்கலாம், மேலே இருந்தால் தள்ளிப்போட வேண்டும். காலை நேரமாக, வாரத்தின் முதல் நாட்களில் ஒன்றாகக் கேட்டு வாங்குங்கள். மாலையிலோ மறுநாளோ திரும்ப ரத்தம் கசிந்தாலும் மருத்துவர் அங்கே இருப்பார். குழியில் உறையவைக்கும் பஞ்சை வைத்துத் தையல் போடுவது, ரத்தக்கசிவை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் கலந்த திரவத்தால் வாய் கொப்பளிக்கச் சொல்வது என்று பல் மருத்துவர் கையில் நல்ல வழிகள் இருக்கின்றன. எடுத்த பிறகு பஞ்சை 20, 30 நிமிடம் விடாமல் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. அன்று முழுக்க வாயை வேகமாகக் கொப்பளிக்கவோ சூடாக எதையும் குடிக்கவோ வேண்டாம்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கும்போது வாயில் இருக்கும் கிருமிகள் ரத்தத்தில் கலந்து வால்வில் போய்த் தொற்றிக்கொள்ளலாம். அதைத் தடுக்க, எடுப்பதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். உலோக வால்வு இருக்கிறது என்பதைப் பல் மருத்துவரிடமே நேராகச் சொல்லுங்கள். பென்சிலின் அலர்ஜி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது அந்த எண்களுக்கு வருவோம். ஐ.என்.ஆர் தானாக ஆடுகிறது என்று நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். உங்கள் கடிதத்தை மறுபடி ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நம் கல்லீரல், ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைத் தயாரிக்கிறது. அவற்றில் நான்குக்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. புரதங்கள் குறைகின்றன, ரத்தம் உறைய அதிக நேரம் எடுக்கிறது. எவ்வளவு அதிக நேரம் என்பதைச் சொல்வதுதான் ஐ.என்.ஆர். இந்த மருந்து சாப்பிடாதவர்களுக்கு அது சுமார் 1. கரும்பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே நிறைய இருக்கிறது. அம்மா கீரையை அடியோடு விட்டார், வைட்டமின் குறைந்தது, அதே அளவு மாத்திரை அதிகமாக வேலை செய்தது: 3.8. இதைத் தெரியாமல் மாத்திரையைக் குறைத்தார்கள். சித்தி வீட்டில் தினமும் கீரை சாப்பிட்டார், மாத்திரையும் குறைவு: 1.8. கூட்டினார்கள். வீட்டுக்கு வந்து மறுபடி கீரையை விட்டிருப்பார், அந்தச் சமயம் பார்த்து மெட்ரோனிடசோலும் சேர்ந்தது.

அந்த மெட்ரோனிடசோல்தான் பெரிய ஆள். வார்ஃபரினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அது மந்தமாக்கிவிடும். போட்ட வார்ஃபரின் போகாமல் உடம்பிலேயே தங்கும். ஐந்தே நாளில் ஐ.என்.ஆர் எகிறிவிடும். மெட்ரோனிடசோல் மட்டுமில்லை. கோ-ட்ரைமாக்ஸசோல், சிப்ரோஃப்ளாக்ஸசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், இதயத் துடிப்பைச் சீராக்கக் கொடுக்கும் அமியோடரோன் எல்லாமே ஐ.என்.ஆரை ஏற்றும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைகோனசோல் ஜெல்கூட ஏற்றும், தடவுவதுதானே என்று அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாஸெபின் இரண்டும் நேரெதிர், அவை ஐ.என்.ஆரை இறக்கும். இந்த மருந்துகள் எதையுமே சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஈறு வீங்கினால் மருந்து வேண்டும்தான். ஆரம்பிக்கும் அன்றே ஐ.என்.ஆர் பார்க்கும் இடத்துக்கு ஒரு போன் போதும். மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஒரு பரிசோதனை வைத்து, வேண்டுமானால் அளவை மாற்றுவார்கள்.

இங்கேதான் எனக்குக் கவலை. மெட்ரோனிடசோல் முடிந்து நாளாகிவிட்டது. அது ஏற்றிவிட்ட ஏற்றம் இந்நேரம் இறங்கியிருக்கும். ஆனால் மாத்திரை அளவு, அந்த 4.6-ஐப் பார்த்துக் குறைத்த அளவிலேயே நிற்கிறது. அம்மாவின் ஐ.என்.ஆர் இன்று 2-க்கும் கீழே இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நீங்கள் ரத்தக்கசிவை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள். இப்போதைய ஆபத்து அதற்கு மறுபக்கம் இருக்கலாம். அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் நாளைக்கே பரிசோதனை செய்யுங்கள். போகும்போது கீரை, சித்தி வீடு, மெட்ரோனிடசோல், டைக்ளோஃபெனாக், இரட்டை மாத்திரை என்று எனக்கு எழுதிய எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி அங்கே கொடுங்கள். அவர்களிடம் எண் மட்டும்தான் இருந்திருக்கிறது, கதை இல்லை. கதை தெரிந்திருந்தால் மாத்திரையை இத்தனை முறை மாற்றியிருக்க மாட்டார்கள்.

வார்ஃபரின் மெதுவாக வேலை செய்யும் மருந்து என்பதையும் மனதில் வையுங்கள். இன்று போட்ட மாத்திரையின் விளைவு ஐ.என்.ஆரில் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைதல் புரதங்கள் தீர வேண்டும் அல்லவா? அதில் ஒன்று சில மணி நேரத்தில் பாதியாகும், இன்னொன்றுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர் அளவை மாற்றும்போது வாரத்துக்கு மொத்தம் எத்தனை மி.கி. என்று பார்த்து, அதில் கொஞ்சமாகத்தான் கூட்டுவார், குறைப்பார். ஒரு எண்ணைப் பார்த்துப் பதறி மாற்றினால் ஊஞ்சல் நிற்காது.

கீரை சாப்பிடலாமா? சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். வைட்டமின் கே துளியும் இல்லாத சாப்பாட்டில்தான் ஐ.என்.ஆர் அதிகம் ஆடும், ஏனென்றால் கையிருப்பு இல்லாத உடம்புக்கு ஒருநாள் கீரையே பெரிய மாற்றம். வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். தினமும் கொஞ்சம் என்றாலும் சரி, வாரத்தில் மூன்று நாள் என்றாலும் சரி, அம்மாவுக்கு எது பழக்கமோ அது. சாப்பாட்டுக்கு ஏற்ற மாத்திரை அளவைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. மாத்திரைக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாளையிலிருந்தே ஆரம்பித்துவிட வேண்டாம். முதலில் இந்தப் பரிசோதனை முடியட்டும். அங்கே சொல்லிவிட்டு ஆரம்பித்து, ஒரு வாரத்தில் மறுபடி பாருங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து இரண்டு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை என்றாலும் ஐ.என்.ஆர் ஏறும், அப்போதும் சொல்ல வேண்டும்.

டைக்ளோஃபெனாக் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் இருக்கப்போகிறேன். அப்பாவின் மாத்திரை அட்டையை அம்மாவின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன் எல்லாம் ஒரே குடும்பம். வயிற்றின் உட்சுவரைப் பாதுகாக்கும் படலத்தை இவை அரிக்கும். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் கெடுக்கும். புண்ணையும் உண்டாக்கி, அது அடைபடாமலும் செய்யும். இதில் மோசம் என்னவென்றால், ஐ.என்.ஆர் தட்டணுக்களை அளப்பதில்லை. எண் அழகாக 3 என்று நிற்கும், உள்ளே வயிற்றில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். இப்படி வருபவர்களை நாங்கள் பார்க்கிறோம். "ஒரு வாரமா ஒரே அசதி, படி ஏறினா மூச்சு வாங்குது" என்பார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். மலம் எப்படிப் போகிறது என்று கேட்டால், தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று போகிறது, இரும்புச்சத்து மாத்திரையால் இருக்கும் என்று விட்டுவிட்டேன் என்பார்கள். வலி மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்றால் அதுவரை இல்லை என்றவர், "முட்டிக்கு மட்டும், எப்பவாவது" என்பார். வலி மாத்திரையை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை.

முட்டிவலிக்குப் பாராசிட்டமால் போடலாம். அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு நாளைக்கு 2 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை நான்கு என்ற கணக்கில் தொடர்ந்து பல நாள் போட்டால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும். அப்படித் தேவைப்பட்டால் பரிசோதனை செய்யும் இடத்தில் சொல்லிவிடுங்கள். வெந்நீர் ஒத்தடம், தொடைத் தசைக்கான பயிற்சி இரண்டும் முட்டிக்கு நன்றாகவே உதவும். தலைவலிக்கென்று ஆஸ்பிரின் கலந்த மாத்திரைகளும் கூடாது. இதயத்துக்காக மருத்துவரே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அது வேறு கதை, அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மூலிகைதானே, இயற்கைதானே என்று வாங்கும் பொருட்களிலும் இதே கவனம் வேண்டும். பூண்டு, மஞ்சள் இரண்டும் சமையலில் சேர்க்கும் அளவில் ஒன்றும் செய்யாது. அவற்றையே செறிவாக்கி அடைத்த கேப்சூல், ஜின்கோ கேப்சூல் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

மறந்துபோன மாத்திரை. அன்றைக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் போனது போகட்டும், அன்றைய அளவை மட்டும் போட்டு, விட்ட தேதியைக் குறித்துவைக்க வேண்டும். சேர்த்துப் போடக் கூடாது. அம்மா ஒருமுறை போட்டதால் பெரிய கெடுதல் வந்திருக்காது, அதை நினைத்து இப்போது கலங்க வேண்டாம். வாரத்துக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். சாயங்காலம் ஒரே நேரத்தில் போடச் சொல்லுங்கள். காலையில் ரத்தம் கொடுத்து மதியம் ரிப்போர்ட் வந்தால், அன்றைய மாத்திரையையே மாற்றிக்கொள்ளலாம், சாயங்காலம் வைப்பதில் இந்த வசதி உண்டு.

வீட்டில் எத்தனை மி.கி. மாத்திரைகள் இருக்கின்றன என்றும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அளவு மாறி மாறி வந்த வீட்டில் 1 மி.கி., 2 மி.கி., 5 மி.கி. அட்டைகள் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். "வெள்ளையில் ஒன்று, ரோஸில் பாதி" என்று நிறத்தை வைத்து நினைவு வைத்திருப்பார்கள். எந்த அளவுக்கு எந்த நிறம் என்பது எல்லா ஊரிலும் எல்லாத் தயாரிப்பிலும் ஒன்றில்லை. கடையில் வேறு தயாரிப்பு கொடுத்தால் அந்த ரோஸ் நிறம் வேறு அளவாக இருக்கும். அட்டையின் பின்பக்கம் அச்சிட்ட மி.கி.யைப் படித்து, "தினமும் 4 மி.கி." என்பதுபோல எண்ணாக எழுதி வையுங்கள். இப்போது தேவையில்லாத அட்டைகளைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

புது மாத்திரைக்கு மாறலாமா என்றால், அம்மாவுக்குக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான், எடோக்ஸபான் ஆகிய நான்கும் நல்ல மருந்துகள். வால்வுக் கோளாறு இல்லாமல் இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தவர்களுக்கும் இன்று பெரும்பாலும் இவற்றைத்தான் முதலில் எழுதுகிறோம். உங்களுக்குத் தெரிந்தவர் அந்த வகையைச் சேர்ந்தவராக இருப்பார். உலோக வால்வு உள்ளவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. வார்ஃபரின் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குக் கட்டியும் அதிகம், ரத்தக்கசிவும் அதிகம் என்பதால் ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு அபிக்ஸபானை வைத்து நடந்த ஓர் ஆய்வும் கட்டிகள் அதிகம் வந்ததால் நிறுத்தப்பட்டது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின் வகைதான்.

புது மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஐ.என்.ஆர் பார்க்க வேண்டாம் என்பதற்காக எதுவுமே பார்க்க வேண்டாம் என்று ஆகாது. இவை கொஞ்சமோ அதிகமோ சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை. வருடத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரகப் பரிசோதனை வேண்டும், வயதானவர்களுக்கு அடிக்கடி வேண்டும். இவற்றின் வேலை ஒரு நாளிலேயே வடிந்துவிடும் என்பதால், வார்ஃபரினைவிட இதில் மாத்திரை தவறுவது ஆபத்து. அட்டை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிவரோக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உள்ளே ஏறாது. டாபிகாட்ரான் கேப்சூலைப் பிரித்துக் கொட்டக் கூடாது, அதன் உறையிலிருந்து முன்கூட்டியே எடுத்து மாத்திரைப் பெட்டியில் போட்டுவைக்கவும் கூடாது, ஈரம் பட்டால் கெட்டுவிடும். வலி மாத்திரை பற்றி மேலே சொன்னது இவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

எலி மருந்து என்ற பயத்துக்கு வருகிறேன். படித்தது பொய்யில்லை, பாதி. 1920-களில் அமெரிக்காவின் வடக்கிலும் கனடாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. பூசணம் பிடித்த ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப் பயிர்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 1933-இல் ஒரு விவசாயி, செத்த மாட்டோடு உறையாத ரத்தத்தையும் ஒரு பால் கேனில் எடுத்துக்கொண்டு, கொட்டும் பனியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு பல வருடம் உழைத்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவானதுதான் வார்ஃபரின். 1948-இல் எலிகளைக் கொல்ல விற்பனைக்கு வந்தது உண்மை. 1954-இல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு அதைக் கொடுத்தார்கள். எலிக்கு வைப்பது அளவில்லாமல், அம்மாவுக்குக் கொடுப்பது மி.கி. கணக்கில் அளந்து, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து. அம்மாவின் வால்வு மூன்று வருடமாக அடைக்காமல் ஓடுவது இந்த மாத்திரையால்தான், இதை அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பல் துலக்கும்போது லேசாக ரத்தம், எங்கோ இடித்துக்கொண்ட இடத்தில் சின்ன நீலத் தழும்பு, இவற்றை அடுத்த பரிசோதனையில் சொன்னால் போதும். மூக்கில் ரத்தம் வந்தால் உட்கார்ந்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மிருதுவான பகுதியை விடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்க வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனை. கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், ரத்த வாந்தி அல்லது காபித்தூள் நிறத்தில் வாந்தி, அடிபடாமலே பெரிதாகிக்கொண்டே போகும் நீலத் தழும்பு, இதுவரை வந்திராத கடும் தலைவலி: இவை எதுவானாலும் அன்றே, அப்போதே போக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆம்புலன்ஸ். அங்கே போனதும் முதல் வார்த்தையாக வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லுங்கள்.

உலோக வால்வுக்கென்று இன்னும் ஒரு அடையாளம் இருக்கிறது. இரவில் வீடு அமைதியானதும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தால், கைக்கடிகாரம்போல ஒரு சின்ன 'டிக்' சத்தம் பலருக்குக் கேட்கும். வால்வு மூடும் சத்தம் அது. முன்பு தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது மங்கிப்போனாலோ கேட்காமலே போனாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, வால்வில் கட்டி உட்கார்ந்திருக்கலாம். அது அவசரம். அம்மாவிடம் அந்தச் சத்தத்தை எப்போதாவது கவனித்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு நன்றாகத் தெரியும், யாரும் கேட்காததால் சொல்வதில்லை.

வால்வு மாற்றிய இளம்பெண்களுக்கும் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில் வார்ஃபரின் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. நாள் தள்ளிப்போன பிறகு சொல்வதைவிட, குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே இதய மருத்துவரிடம் பேசிவிடுவதுதான் பாதுகாப்பு.

கடைசியாக, அம்மாவின் நடை. நாளைய ரிப்போர்ட்டில் எண் தாறுமாறாக இல்லை என்றால், மறுநாள் காலையிலேயே போகச் சொல்லுங்கள். உட்கார்ந்தே இருந்தால் கால் தசை தளரும், தசை தளர்ந்தால்தான் விழுவார்கள். வழுக்காத, பின்பட்டை உள்ள செருப்பு, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இரவில் எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு, மிருதுவான டூத் பிரஷ், இவ்வளவும் செய்துவிடுங்கள். மாத்திரையின் பெயர், அளவு, உலோக வால்வு இருக்கிறது என்ற விவரம், உங்கள் போன் நம்பர் எல்லாம் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் அவரோடு இருக்கட்டும். கைகால் சிராய்த்தால் சுத்தத் துணியால் விடாமல் அழுத்திப் பிடித்தால் நிற்கும், வழக்கத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. தலையில் அடிபட்டால் மட்டும் அம்மா "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். மூளையைச் சுற்றிக் கசியும் ரத்தம் பல மணி நேரம் கழித்துத்தான் தன்னைக் காட்டும். வீக்கம் இல்லாவிட்டாலும், மயக்கம் வராவிட்டாலும், நேராக மருத்துவமனைக்கு அழைத்துப்போய் அன்றைக்கே தலையை ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள்.